தொள்ளாயிரம் வருடமாக ஓடும் சாக்கடை

மழை வந்தால் கவிதை வரும் என்பார்கள். நகரத்தில் மழை வந்தால் முதலில் வருவது சாக்கடைத் தண்ணீர்தான்!

மற்ற நாட்களில் சாக்கடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெரிய கோபுரத்தைக் கட்டியவர் பெயர் பாடப்புத்தகத்தில் வரும். சாக்கடையைக் கட்டியவர் பெயர் எங்கும் வராது. ஆனால் சீனாவில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே சாக்கடை கட்டியவர் பெயரை ஊரே சொல்லிப் பெருமைப்படுகிறது. அவர் இறந்து 900 வருடங்களுக்கு மேல் ஆகியும், அவர் போட்ட வடிகாலில் இன்றும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்ப முடிகிறதா?

மூழ்காத ஊர்

2010-ஆம் வருடம் தென் சீனாவில் கடும் மழை. மே மாதம் குவாங்ஜோ மாநகரில், அடுக்குமாடிகளின் தரைக்கு அடியில் இருந்த கார் நிறுத்துமிடங்கள் தண்ணீர்த் தொட்டிகளாக மாறின. அடுத்த மாதம் ஜியாங்ஸி மாகாணத்தின் முறை. ஜூன் 21-ஆம் தேதி, அந்த மாகாணத்தின் தென்கோடியில் உள்ள கான்ஜோ நகரத்தின் சில பகுதிகளில் 100 மில்லிமீட்டரை நெருங்கும் மழை கொட்டியது. பழைய நகரத்தில் தண்ணீர் தேங்கவே இல்லை.

செய்தியாளர்கள் காரணம் தேடிப் போனார்கள். காரணம் தரைக்கு அடியில் இருந்தது. செங்கல்லாலும் கல்லாலும் கட்டப்பட்ட சுமார் 12.6 கிலோமீட்டர் நீள வடிகால். பல இடங்களில் ஓர் ஆள் உள்ளே இறங்கி நடந்து போகலாம். அதன் பெயர் ஃபூஷோ கோ. 'ஃபூ' என்றால் நற்பேறு, 'ஷோ' என்றால் நீண்ட ஆயுள், 'கோ' என்றால் வாய்க்கால். இரண்டு கிளைகளின் வளைவுகளும் பழைய முத்திரை எழுத்தில் இந்த இரண்டு சொற்களையும் எழுதியது போல இருக்குமாம். அதனால் வந்த பெயர். சாக்கடைக்கு இவ்வளவு மங்களகரமான பெயர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்பது சந்தேகம்தான்!

லியூ யீ என்ற மனிதர்

இதைக் கட்டியவர் லியூ யீ. சோங் வம்ச ஆட்சியில், 1068-க்கும் 1077-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த ஊருக்கு ஆட்சியராக வந்தவர். நீர் மேலாண்மையில் தேர்ந்தவர் என்று பெயர் எடுத்தவர்.

அவரைப் பற்றி சோங் வம்ச வரலாற்று நூலில் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. அப்போது ஊர் மக்களுக்கு நோய் வந்தால் மருந்து சாப்பிடும் வழக்கம் இல்லை. மந்திரவாதியைத்தான் தேடிப் போவார்கள். லியூ யீ மக்களுக்காக மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். மந்திரவாதம் செய்து பிழைத்த 3,700 குடும்பங்களை அந்தத் தொழிலை விட்டு மருத்துவத்துக்கு மாற வைத்தார். நோய்க்கு வெறும் விதியைக் காரணம் சொல்லாதவர், வெள்ளத்துக்கு மட்டும் விதியைக் காரணம் சொல்வாரா?

ஆனால் அவரைத் தெய்வமாக்கிவிடவும் முடியாது. பிறகு தென் எல்லைப் பொறுப்புக்குப் போனபோது, வியட்நாமுடனான வணிகத்தைத் தடுத்தார். பகை முற்றியது. 1075-இல் வியட்நாம் படை எல்லை தாண்டி வந்தது. லியூ யீயின் பதவி பறிபோனது. தண்ணீரின் போக்கைப் புரிந்துகொண்டவருக்குப் பக்கத்து நாட்டின் போக்கு புரியவில்லை. ஒரே மனிதர்தான்!

ஒரே துளை, இரண்டு ஆபத்து

கான்ஜோவின் பிரச்சினை என்ன என்று பார்த்தால்தான் லியூ யீயின் அருமை தெரியும். ஊரின் ஒரு பக்கம் ஜாங் ஆறு, மறு பக்கம் கோங் ஆறு. இரண்டும் ஊரின் வடக்கு முனையில் சேர்ந்து கான் ஆறாக ஓடுகின்றன. அதாவது மூன்று பக்கமும் தண்ணீர். வெள்ளத்தைத் தடுக்கச் சுற்றிலும் மதில் உண்டு.

இப்போது கனமழை வருகிறது. ஊருக்குள் பெய்த மழை வெளியேற வேண்டும். அதற்கு மதிலில் துளை வேண்டும். ஆனால் அதே நேரத்தில் ஆறும் ஏறும். தண்ணீரை வெளியே விடத் திறந்து வைத்த துளை வழியாகவே ஆறு உள்ளே வந்துவிடும். சரி, துளையை அடைத்துவிடலாம் என்றால் உள்ளே பெய்த மழையே ஊரை மூழ்கடித்துவிடும். திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து.

லியூ யீ மூன்று காரியங்கள் செய்தார்.

முதலாவது வாட்டம். கொத்தனார்கள் தளம் போடும்போது "வாட்டம் சரியா இருக்கா?" என்று பார்ப்பார்களே, அதேதான். ஊரின் இயற்கையான மேடு பள்ளத்தை அனுசரித்தே வடிகால்களின் பாதை அமைந்தது. தண்ணீரைத் தள்ள எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. வெளியேறும் இடம் ஒன்றின் அருகே சரிவு 4.25 சதவீதம் என்று அளந்திருக்கிறார்கள். அதாவது 100 மீட்டர் நீளத்துக்கு 4.25 மீட்டர் இறக்கம். இவ்வளவு சரிவில் ஓடும் தண்ணீர், மண்ணையும் குப்பையையும் அடித்துக்கொண்டு போய்விடும். வடிகால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்.

இரண்டாவது கதவு. வடிகால் ஆற்றைச் சந்திக்கும் 12 இடங்களில் 'நீர்ச் சன்னல்' என்ற மதகுகளை வைத்தார். கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும்படி மாட்டப்பட்டிருந்தது. ஆற்றின் மட்டம் தாழ்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே ஓடும். ஆறு ஏறினால் ஆற்றுத் தண்ணீரே கதவை அழுத்தி மூடிவிடும். காவலாளி வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம். நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும் கதவு தூங்காது! முதலில் மரக்கதவாக இருந்தது. நவீன காலத்தில் இரும்புக் கதவு வந்தது. வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை.

இங்கே வரைக்கும் கேட்டவர்கள் "ஆகா, என்ன புத்திசாலித்தனம்!" என்று சொல்லி எழுந்துபோய்விடுவார்கள். உண்மையில் முக்கியமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. கதவு மூடிக்கொண்டது. ஆறு வெளியே நின்றுவிட்டது. ஆனால் ஊருக்குள் மழை நிற்கவில்லையே! அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

அதற்கு விடைதான் மூன்றாவது: குளங்கள். ஊருக்குள் பெரிதும் சிறிதுமாகப் பல டஜன் குளங்கள் இருந்தன. வடிகால்கள் அவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்தன. மதகு மூடியிருக்கும் நேரத்தில் மழைநீர் குளங்களில் போய்க் காத்திருக்கும். ஆறு இறங்கியதும் கதவு திறக்கும், குளம் வடியும். மற்ற நாட்களில் அந்தக் குளங்களில் மீன் வளர்த்தார்கள். அடியில் சேர்ந்த வண்டலை எடுத்துக் காய்கறித் தோட்டத்துக்குப் போட்டார்கள். குளம் சும்மா கிடக்கவில்லை. வருடம் முழுவதும் சோறு போட்டது. அதனால்தான் அதை மூடும் எண்ணம் நெடுங்காலம் யாருக்கும் வரவில்லை.

கதவு ஓர் இயந்திரம். அதைப் படம் வரைந்து காட்டலாம். குளம் வெறும் பள்ளம். பாராட்டெல்லாம் கதவுக்கே போய்விடுகிறது.

தூர் வாரியவர்கள்

இன்னொரு விஷயமும் மறைந்துபோகிறது. 900 வருடம் ஓடியது என்றால் ஒரு முறை கட்டிவிட்டு விட்டதால் ஓடவில்லை. 1869-70-இல் பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். 1953 முதல் 1957 வரை மறுபடியும் வேலை செய்து 7.3 கிலோமீட்டர் நீளத்தைச் சீராக்கினார்கள். லியூ யீயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நடுவில் இறங்கிச் சேறு அள்ளியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் லியூ யீ என்ற பெயரும் மண் மூடிப் போயிருக்கும்.

பெய்ஜிங்கில் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருந்தார்கள். மழைக்காலம் வருவதற்கு முன், வசந்த காலத்தில் நகரத்தின் சாக்கடைகளைத் திறந்து தூர் வாருவார்கள். ஊரே நாறும். அதே நேரத்தில்தான் அரசுப் பதவிக்கான தேர்வு எழுத நாடெங்கிலும் இருந்து மாணவர்கள் தலைநகரத்துக்கு வந்து சேர்வார்கள். சாக்கடையைத் திறந்தால் தேர்வு மாணவர்கள் வருவார்கள், சாக்கடையை மூடினால் முதலிடம் பெற்றவர் பெயர் வெளிவரும் என்று நகரத்தில் ஒரு சொலவடையே இருந்தது. பாவம் அந்த மாணவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு படித்திருப்பார்கள்!

அந்த நகரத்தின் நடுவில் 1420-இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனை இருக்கிறது. தரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 2 மீட்டர் சரிகிறது. மூன்று பெரிய மண்டபங்களின் மேடையைச் சுற்றி 1,142 கல் நாகத் தலைகள். கனமழையில் அத்தனை வாய்களிலிருந்தும் தண்ணீர் கொட்டும். 2016 ஜூலையில் பெய்த மழையில் எடுத்த படங்கள் இணையம் முழுக்கச் சுற்றின. ஆனால் அதே பெய்ஜிங்கில்தான் 2012 ஜூலை 21-ஆம் தேதி பெய்த மழையில் 79 பேர் இறந்தார்கள். நகரத்துக்குள்ளேயே, பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் காரோடு மூழ்கி இறந்தவரும் அவர்களில் உண்டு. அரண்மனைக்குள் தண்ணீர் நிற்கவில்லை. அரண்மனைக்கு வெளியே அப்படி இல்லை.

அரசன் இல்லாத ஊரின் குழாய்கள்

சாக்கடை என்றால் அரசன் கட்டளையிட வேண்டும், அதிகாரி மேற்பார்வை செய்ய வேண்டும் என்று தோன்றும். ஹெனான் மாகாணத்தில் பிங்லியாங்தாய் என்ற இடத்தில் கிடைத்தது அந்த எண்ணத்தையே மாற்றுகிறது. அது 4,000 வருடங்களுக்கு முந்தைய, மண்மதில் சூழ்ந்த சிறிய ஊர். அங்கே சுட்ட மண் குழாய்களை ஒன்றோடு ஒன்று செருகி வடிகால் அமைத்திருக்கிறார்கள். சீனாவில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான்.

2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கவனிக்க வேண்டிய செய்தி சொல்கிறது. அந்த ஊரில் அரண்மனை இல்லை. வீடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி, சிறியவை. பெரிய ஏற்றத்தாழ்வு இருந்ததற்கு அடையாளம் இல்லை. அப்படியென்றால் அந்தக் குழாய்களைப் போட்டதும் பராமரித்ததும் ஊர் மக்களே கூடிச் செய்த வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உலோகக் கருவிகள் அரிதாக இருந்த காலம் அது. பருவமழை வந்தால் என் வீட்டுத் தண்ணீர் உன் வீட்டுக்குள் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

கட்டுக்கதையின் ஆபத்து

வெள்ளம் வந்து போன பிறகு மக்களுக்கு ஓர் அதிசயம் தேவைப்படுகிறது. கான்ஜோ புகழ் பெற்ற அதே காலத்தில் சிங்தாவ் நகரத்தைப் பற்றியும் ஒரு கதை பரவியது. அந்த நகரம் 1898 முதல் 1914 வரை ஜெர்மானியர் கையில் இருந்தது. அவர்கள் அமைத்த சாக்கடையில் நூறு வருடம் கழித்து ஒரு பாகம் பழுதானதாம். ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டார்களாம். "மூன்று மீட்டர் தூரத்துக்குள் தேடிப் பாருங்கள், மாற்றுப் பாகம் இருக்கும்" என்று பதில் வந்ததாம். தோண்டினால் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பாகம் புத்தம் புதிதாக இருந்ததாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விசாரித்தவர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள்.

கான்ஜோ வடிகால் கட்டுக்கதை இல்லை, உண்மை. ஆனால் அதைச் சுற்றியும் கதை வளர்ந்தது. "பழைய காலத்தவர் கட்டினால் ஒருபோதும் வெள்ளம் வராது" என்று பேச்சு போனது. ஃபூஷோ கோ நீர் வடிப்பது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பை மட்டும்தான். நகரம் அதைத் தாண்டி எங்கேயோ வளர்ந்துவிட்டது. பழைய நகரத்துக் குளங்களிலும் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் மூடப்பட்டு அவற்றின் மேல் கட்டடங்கள் வந்துவிட்டன. பின்னாட்களில் பெருமழை பெய்தபோது கான்ஜோ தெருக்களிலும் தண்ணீர் நின்றது. லியூ யீயின் கதவு இருக்கிறது. கதவு மூடிய பிறகு தண்ணீர் காத்திருக்க வேண்டிய இடத்தில் வீடு இருக்கிறது. அதற்கு லியூ யீ என்ன செய்வார்?

2008 முதல் 2010 வரையிலான மூன்று வருடங்களில், கணக்கெடுத்த 351 சீன நகரங்களில் 62 சதவீதம் மழைநீரில் மூழ்கியிருந்தன. மழை ஒரே இரவில் புத்தி மாறிவிடவில்லை. மண்ணாக இருந்தது சிமெண்ட் ஆனது, பள்ளமாக இருந்தது மனை ஆனது.

பஞ்சு நகரமும் ஒரு மணி நேர மழையும்

இதை எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூ கோங்ஜியான். தண்ணீரைக் குழாயில் அடைத்து வேகமாக விரட்டுவதை விட, விழுந்த இடத்திலேயே மெதுவாக உறிஞ்ச விடுங்கள் என்பது அவர் வாதம். நகரம் ஒரு பஞ்சு போல இருக்க வேண்டும். சதுப்பு நிலம், பூங்கா, குளம், நீர் இறங்கும் தளக்கற்கள். 2013 டிசம்பரில் சீன அரசு இந்தக் கருத்தை ஏற்றது. 2015-இல் 16 நகரங்களில் சோதனை முயற்சி தொடங்கியது. 2030-க்குள் நகரங்களின் கட்டடப் பகுதியில் 80 சதவீதம், பெய்யும் மழையில் 70 சதவீதத்தைத் தானே பிடித்து வைக்க வேண்டும் என்பது இலக்கு. யூ கோங்ஜியான் 2025 செப்டம்பரில் பிரேசில் நாட்டுச் சதுப்பு நிலம் ஒன்றில், இதே விஷயத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் போன இடத்தில் விமான விபத்தில் இறந்தார்.

அவர் வாழ்நாளிலேயே அந்தக் கருத்துக்குக் கடுமையான சோதனை வந்தது. 2021 ஜூலை 20, ஹெனான் மாகாணத் தலைநகர் ஜெங்ஜோ. மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் 201.9 மில்லிமீட்டர் மழை. 2010-இல் கான்ஜோவைப் புகழ் பெற வைத்த மழையைப் போல இரண்டு மடங்கு, ஒரே மணி நேரத்தில்! மெட்ரோ ரயிலின் ஐந்தாம் தடத்தில் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் புகுந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ரயில் பெட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். 14 பேர் உயிரோடு வெளியே வரவில்லை. மாகாணம் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 398 பேர். அவர்களில் 380 பேர் ஜெங்ஜோவைச் சேர்ந்தவர்கள்.

பஞ்சு நகரம் என்று சொல்லி இவ்வளவு செலவழித்தார்களே, என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேர மழையை லியூ யீயாலும் தாங்கியிருக்க முடியாது. எந்தப் பஞ்சும் எந்தச் சாக்கடையும் தாங்கியிருக்காது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2022 ஜனவரியில் வந்த அரசு விசாரணை அறிக்கை இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, எச்சரிக்கை வந்தும் நகரத்தை நேரத்தோடு நிறுத்தவில்லை. அலுவலகமும் ரயிலும் வழக்கம்போல ஓடின. இரண்டு, பஞ்சு நகரத் திட்டத்தின் பெயரில் அதுவரை செலவான பணத்தில், உண்மையிலேயே அதற்குச் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குப் போனது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. பாதிக்கு மேல் அழகுச் செடிகளுக்கும் அலங்காரத்துக்கும் போயிருந்தது.

பூச்செடி வைத்தால் படம் எடுக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். தூர் வாரினால் விழா நடத்த முடியாது.

கடைசியாக

பழைய சீனச் சாக்கடைகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது செங்கல் அளவையோ கதவின் கீலையோ அல்ல. அதை விட நல்ல கதவு இன்றைக்குச் செய்துவிடலாம். தண்ணீருக்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதுதான் பாடம். வருடத்தில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் இடம். மீதி நாட்களில் காலியாகத் தெரியும் இடம். மனை விலை ஏறும்போது முதலில் கண்ணை உறுத்தும் இடமும் அதுதான்.

அந்த இடத்தை மூடுகிறவருக்கு லாபம் அன்றைக்கே கிடைத்துவிடும். நஷ்டம் பல வருடம் கழித்து, வேறு யாரோ ஒருவருக்கு, ஒரு மாலை நேரத்து ரயிலில் போய்ச் சேரும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே போவதில்லை. பிங்லியாங்தாயில் அப்படி முடியாது. அங்கே ஒருவர் செய்த தவறு பக்கத்து வீட்டு முற்றத்தில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நற்பேறு, நீண்ட ஆயுள் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த வடிகாலில் அதிர்ஷ்டத்தை நம்பி விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. வாட்டம் பார்த்தார்கள், கதவு மாட்டினார்கள், குளத்தைக் குளமாகவே விட்டார்கள், அடைத்துக்கொண்டபோதெல்லாம் யாரோ இறங்கிச் சேறு அள்ளினார்கள். நீண்ட ஆயுள் தானாக வந்தது.